ஆளுக்கொரு சாவி

எங்கள் கடைவளாகத்தில் பெண்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. பாத்ரூம் என்று நாகரிகமாகச் சொல்லிக்கொள்வோம், கக்கூஸ்தான். தரைத்தளத்தில் நீளமான நடையின் கடைசியில், ஆண்களுடையதுக்கு அடுத்த கதவு. இதைப் பற்றியெல்லாம் ஒரு கதையா என்று முகம் சுளிப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். சுளித்த முகங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

என் கடை அந்த நடையின் நடுவில் இருக்கிறது. பித்தான், ஹூக், எலாஸ்டிக், நூல்கண்டு, லைனிங் துணி. கடை என் கணவர் பெயரில், வியாபாரம் என் வாயில். அவர் சரக்கு எடுக்கப் போவார். மற்ற நேரம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நலம் விசாரிப்பார். நல்ல மனுஷர் என்று பெயர். அவர் யாரோடும் சண்டை போட்டதில்லை. போட வேண்டிய சண்டையையெல்லாம் வீட்டில் இன்னொருத்தி போட்டுக்கொண்டிருந்தால் யார் வேண்டுமானாலும் நல்ல மனுஷராக இருக்கலாம்.

அந்தக் கழிப்பறைக் குழாயில் காலையில் மட்டும்தான் தண்ணீர் ஒழுங்காக வரும். அப்புறம் நூல் மாதிரி ஒழுகும். அவசரத்துக்கு ஓடிவந்தவள் வாளி நிரம்பும்வரை காத்திருக்க முடியுமா? அதனால் உள்ளே போனவள் முகம் கழுவி, தலையைச் சரிசெய்துகொள்ளும் நேரத்தில் வாளியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். அடுத்து வருகிறவளுக்கு அது. யாரும் சொல்லித் தந்ததில்லை, சுவரில் எழுதி ஒட்டவும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேருகிற பெண் முதல்நாள் உள்ளே போவாள், நிரம்பிய வாளியைப் பார்ப்பாள், அவ்வளவுதான், புரிந்துவிடும். ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்ட நாளிலும் வாளி நிரம்பித்தான் இருக்கும். கண்ணாடிக்கடை அக்காவும் நானும் பேசாமல் இருந்த மாதங்களில்கூட அவள் நிரப்பிய தண்ணீரை நானும், நான் நிரப்பியதை அவளும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஆண்கள் பக்கம் கழுவுவதற்குக் கடைக்காரர்கள் சங்கம் ஆள் போட்டிருந்தது, மேலே தொட்டியும் வைத்திருந்தது. அந்த நாற்றம் தெருமுனை வரைக்கும் வரும்.

இதில் கண்ணை வைத்தவர் சங்கத்துச் செயலாளர். விளக்குக்கடைக்காரர். அவருடைய அட்டைப்பெட்டிகள் கடையில் கொள்ளாமல் நடையெல்லாம் நின்றன. எங்கள் கழிப்பறை அகலமானது, பின்னால் ஒரு காலி மூலையும் உண்டு. பெட்டி அடுக்க இதைவிடத் தோதான இடம் அவருக்குக் கிடைக்காது. நேரே கேட்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள் என்று தெரியும். ஆகவே முதலில் ஒரு பூட்டைப் போட்டார்.

"வெளியாளுங்கல்லாம் வந்து தண்ணியை வீணாக்குறாங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான். சாவி என் கடையில இருக்கும். வந்து கேட்டா தரப்போறேன், என்ன கஷ்டம்?"

என்ன கஷ்டம்! வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்க, அவர் ஏதோ தொங்குவிளக்கை ஏற்றி அணைத்துக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் போய் நின்று "சார், சாவி" என்று கேட்க வேண்டும். அவர் கேட்டது கேட்காத மாதிரி இருப்பார். இரண்டாவது முறை கொஞ்சம் உரக்கக் கேட்க வேண்டும். எல்லாத் தலையும் திரும்பும். அப்புறம் சாவியை எடுத்து நீட்டி, "சீக்கிரம் கொண்டு வந்துடுங்க" என்பார். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்த பெண்களைப் பார்த்து.

இதில் அதிகமாக அடிபட்டவள் ஜிப் அக்கா. மாடிப்படிக்குக் கீழே, தலை இடிக்கிற மாதிரிச் சரிந்த இடத்தில் தையல் மெஷின் போட்டிருப்பாள். பையோ பேண்ட்டோ, கழன்ற ஜிப் ரன்னரைப் பல்லில் ஏற்றிச் சர்ரென்று இழுத்துக் காட்டுவாள். அதனால் அந்தப் பெயர். சர்க்கரை உண்டு, ரத்தக்கொதிப்புக்கு நீர் போகிற மாத்திரையும் உண்டு. அடிக்கடி போக வேண்டும். புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், "போய்ச் சேர்ந்துட்டார்" என்பாள். கேட்டவர் அனுதாபத்தோடு உச்சுக் கொட்டியதும், "இன்னொருத்தி வீட்டுக்கு" என்று முடித்துவிட்டு நூலைக் கடிப்பாள்.

அவள் சாவி கேட்டு நின்றபோது செயலாளர், "இப்பதானே போனீங்க?" என்றார். கடை நிறைய ஆள். அக்கா சாவி வாங்காமலேயே திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நேரே போய்க் கேட்டேன்.

"அவங்க எத்தனை தடவை போறாங்கன்னு எண்ணுறதுதான் செயலாளர் வேலையா? அதுக்கா உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"நீங்க எனக்கு ஓட்டுப் போடலையேம்மா. உங்க வீட்டுக்காரர்தானே போட்டார்" என்று சிரித்தார்.

பூட்டு வந்த பிறகு வாளி காலியாகவே கிடக்க ஆரம்பித்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. சாவியை உடனே திருப்பித் தர வேண்டும், வெளியே இன்னொருத்தி நிற்கிறாள், இதில் நூல் மாதிரி ஒழுகுகிற தண்ணீருக்கு யார் நிற்பது? முன்பெல்லாம் அது எங்கள் இடம். இப்போது அவர் இடத்துக்கு நாங்கள் அனுமதி வாங்கிப் போய்வந்தோம். அனுமதி வாங்கிப் போகிற இடத்தை யார் பெருக்குவார்கள், யார் பினாயில் ஊற்றுவார்கள்? கொஞ்ச நாளில் கால் வைக்க முடியாமல் போயிற்று. அந்த மனுஷர் அதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். உள்ளே போய் விதவிதமாகப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, சங்கத்தைக் கூட்டினார்.

கூட்டம் மாடியில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, உறுப்பினர்கள் மட்டும். உறுப்பினர் என்றால் கடை யார் பெயரில் இருக்கிறதோ அவர். கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அக்கா, கூட்டத்துக்குப் போவது அவள் புருஷன். பொம்மைக்கடையைத் திறப்பதும் மூடுவதும் அந்த வீட்டு மருமகள், எங்களுக்குத் தங்கச்சி, உறுப்பினர் அவள் மாமனார். என் கணவர் கிளம்பும்போதே பிடித்து நிறுத்திச் சொன்னேன்.

"மூடணும்னு பேச்சு வந்தா எழுந்து முடியாதுன்னு சொல்லணும். ஜிப் அக்காவை நினைச்சுக்குங்க. அவங்களால இங்க உட்கார முடியாமப் போயிடும்."

"சொல்றேன், சொல்றேன். எனக்கு மட்டும் தெரியாதா?" என்றார்.

போகும்போது போனை மறந்து வைத்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்கிற சாக்கில் நானும் மாடியேறி, கதவோரம் நின்றேன். செயலாளர் ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஆண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "பாருங்க, பொம்பளைங்களுக்கே சுத்தமா வெச்சுக்கத் தெரியல. தற்காலிகமா மூடிடலாம். சம்மதம்ங்கறவங்க கை தூக்கலாம்."

முதலில் ஒரு கை எழுந்தது. பக்கத்துக் கை அதைப் பார்த்தது, எழுந்தது. அப்புறம் அங்கொன்று, இங்கொன்று. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சொறிந்துகொண்டிருந்த கை அப்படியே மேலே போயிற்று. போனை அங்கேயே விட்டெறிந்துவிட்டு இறங்கி வந்தேன்.

அவர் கடைக்கு வந்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். வாடிக்கையாளர் நிற்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

"எல்லாரும் தூக்கினாங்க. நான் ஒருத்தன் தூக்காம இருந்தா நல்லா இருக்குமா?"

"எல்லாரும் கிணத்துல குதிச்சா?"

"கத்தாதே. உனக்கு ஒரு ஏற்பாடு பண்ணாமயா வருவேன்?" சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்து அழுத்தினார். மாடியில் சங்க அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கழிப்பறை உண்டு, செயலாளருக்கானது. அதன் சாவி. "உனக்கு மட்டும். பேசி வாங்கியிருக்கேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஜிப் அக்காவுக்கு?"

"எல்லாருக்கும் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

சாவியை அவர் காலடியிலேயே போட்டேன். அவர் குனிந்து எடுத்துப் பித்தான் டப்பாக்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எங்கள் கழிப்பறைக்குள் விளக்குப் பெட்டிகள் ஏறின. பெண்கள் எல்லாம் என் கடை வாசலில் கூடித் திட்டினார்கள். கண்ணாடிக்கடை அக்கா திட்டியதைக் கேட்டிருக்க வேண்டும், செயலாளரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து வெளுத்தாள். நான் நினைத்தேன், இந்தச் சூட்டோடு எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்று. கேட்கலாம், கேட்கலாம் என்றார்கள். யாரும் கிளம்பவில்லை. நாள் போகப் போகத் திட்டவும் மறந்துபோனார்கள். எனக்கு விளங்கவே இல்லை. காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டிருப்பவள் இப்படியா சாவகாசமாக ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பாள்?

ஜிப் அக்கா மட்டும் பேருந்து நிலையம்வரை நடந்தாள். போய்வர ஏகப்பட்ட நேரம். வருகிறவர்கள் ஆளில்லா மெஷினைப் பார்த்துவிட்டு வேறு தையல்காரரிடம் போனார்கள். அப்புறம் அவள் நடப்பதையும் நிறுத்திவிட்டாள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். நான் செம்பை நீட்டினால், "இப்பதான் குடிச்சேன்" என்பாள். உதடு வெடித்திருக்கும்.

ஒருநாள் எனக்கு வயிறு முட்டிவிட்டது. டப்பாக்களுக்கு நடுவிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். கதவைத் திறக்கப் போகிறேன், உள்ளேயிருந்து திறந்துகொண்டு வருகிறாள் கண்ணாடிக்கடை அக்கா! கையில் என் சாவிக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி இன்னொரு சாவி. அவள் என் கையைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன்.

"உனக்குமா?" என்றாள். "எனக்கு மட்டும்தான்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரே!"

கீழே வந்து பொம்மைக்கடைத் தங்கச்சியைப் பிடித்து உலுக்கினேன். அவள் கைப்பையிலும் ஒன்று. மாமனார் கொடுத்தாராம், யாரிடமும் சொல்லக்கூடாதாம். அதற்கடுத்த கடையிலும் ஒன்று. கை தூக்கின ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி! ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், வேறு வேறு நேரத்தில் பூனை மாதிரி மாடியேறி இறங்கியிருக்கிறார்கள். கை தூக்க வீட்டில் ஆள் இல்லாதவளுக்குச் சாவியும் இல்லை. எங்களைப் பிரிக்க அந்த விளக்குக்காரர் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சாவி செய்பவரிடம் ஒரு நடை போய்வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று பிற்பகல் மாடிப்படிக்குக் கீழே மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் ஜிப் அக்காவின் தலை மெஷின் மேலே கிடந்தது. வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாள். "உடம்புல தண்ணியே இல்ல. சர்க்கரை உள்ளவங்க தண்ணி குடிக்காம இருந்தா கிட்னி என்னத்துக்காகும்? வீட்ல பார்த்துக்க ஆள் இல்லையா?" இருக்கிறோம், ஒரு நடை முழுக்க இருக்கிறோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கையில் டிரிப்ஸ் ஏற, அக்கா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "மெஷினை வித்துத் தந்துடும்மா. இனிமே அங்க முடியாது."

நான் என் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

"எனக்குச் சாவி எதுக்கு? பூட்டு எதுக்குன்னு யாராவது கேட்டீங்களா?"

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அவளுடைய மெஷின் மேசையைத் துழாவினேன். முறிந்த ஊசிகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். நல்ல கனமான துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மாடியேறி, செயலாளர் கழிப்பறைக் கதவின் சாவித்துவாரத்தில் செருகி, சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். எல்லாச் சாவியும் ஒரே நொடியில் செத்தன. இறங்கி வந்து என் ஷட்டர் பூட்டை எடுத்து ஆண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாளில் மாட்டினேன். கதவுக்கு முன்னால் என் வீட்டுக்காரரின் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் வந்து கத்தியவர்கள் பெண்கள்தான். "உனக்கென்ன பைத்தியமா? இருந்த ஒரு வழியையும் அடைச்சுட்டியே! எங்களை ஏண்டி மாட்டிவிட்டே?"

"உங்களை மாட்டிவிடத்தான் அடைச்சேன். இப்ப நீங்களும் ஜிப் அக்காவும் ஒண்ணு. போங்க, போய் அவங்கவங்க வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்லுங்க."

ஆண்களுக்கு டீ நேரம்வரை ஒன்றும் உறைக்கவில்லை. டீ குடித்து அரைமணியில் ஒவ்வொருவராக வந்தார்கள். பேருந்து நிலையம்வரை நடக்க ஒருவருக்கும் மனமில்லை. பின்பக்கச் சுவரோரம் ஒதுங்கலாம் என்றால், அங்கே கேமரா மாட்டி, அசுத்தம் செய்பவர் படம் வாசலில் ஒட்டப்படும் என்று எழுதி வைத்திருந்தவரும் நம் செயலாளர்தான். பொம்மைக்கடை மாமனார் வந்தார். முதலில் அதட்டினார். நான் அசையவில்லை. அப்புறம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சங்கத்துல பேசிக்கலாம்மா. இப்ப எனக்கு மட்டும் திறந்துவிடு."

கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கும்மா. அடக்க முடியாது. எனக்கு மட்டும்..."

"ஜிப் அக்காவுக்கு மட்டும் வெல்லமா இருக்கு? நில்லுங்க."

ஒருவர் தவறாமல் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை பேர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் வாயிலிருந்துகூட எல்லோருக்கும் திற என்று வரவில்லை. செயலாளர் வந்து போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். "கூப்பிடுங்க. அவருக்கும் அவசரமா இருந்தா என்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

என் கணவர் தூரத்தில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் வருவார் என்று தெரியும். வந்து எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு வார்த்தை, பெண்கள் கதவைத் திறந்துவிடுங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன். இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறோம். கடைசியாக வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. என் காதோரம் குனிந்தார்.

"எனக்கு மட்டும் திற. யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துடறேன்."

எழுந்து நின்றேன். நடையின் அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி கத்தினேன். "எல்லாரும் கேட்டுக்குங்க! இவருக்கு மட்டும் திறக்கணுமாம்! உங்களுக்கெல்லாம் கிடையாதாம்!"

நின்றவர்கள் அத்தனை பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒவ்வொருவரும் அதையே கேட்டவர்கள்தான். ஆனாலும் அடித்துவிடுவார்கள் போலிருந்தது. அவர் பழையபடி தூணோரம் ஒதுங்கினார். எனக்குப் பாவமாக இல்லை. பிறகு அந்தக் கோபம் அப்படியே செயலாளர் பக்கம் திரும்பியது. "உன் பெட்டிக்காக நாங்க சாகணுமா? சாவியைக் குடுத்துத் தொலைய்யா!"

அவர் சாவியை நீட்டினார். அவருக்கும் முட்டி இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் வாங்கவில்லை. "சாவி வேணாம். பூட்டையும் வெளித் தாழ்ப்பாளையும் கழட்டுங்க. பெட்டியை வெளியே எடுங்க."

தன் கடையிலிருந்து ஸ்குரூடிரைவர் கொண்டுவந்து, அவரே கழற்றினார். ஒவ்வொரு திருகாணிக்கும் ஒருமுறை பல்லைக் கடித்தார். பெட்டிகளை ஆண்களே கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பெட்டி வெளியே வந்த பிறகுதான் என் பூட்டைத் திறந்தேன்.

கடையை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். ஜிப் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடித்தே காட்டினேன், செயலாளரின் முட்டி, மாமனாரின் நடை, எல்லாம். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்தாள்.

"அப்போ, அவங்களுக்கு அடக்க முடியலைன்னுதானே திறந்தாங்க?" என்றாள். "எனக்கு முடியலைன்னு இல்லையே."

நான் நடிப்பை நிறுத்திக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வருவேன். வராம எங்க போறது? மெஷினை விக்க வேணாம்" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன்.